டூர் பேக்கேஜ் இல்லாமல் கோல சிலாங்கூர்: எதைப் பார்ப்பது, எப்போது போவது?

கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். விமான டிக்கெட் வேண்டாம், ஹோட்டல்கூட கட்டாயமில்லை. ஒரே நாளில் ஒரு கோட்டை, ஒரு சதுப்புநிலக் காடு, கடல் நடுவே ஒரு மணல்திட்டு, உலகமே பேசும் மின்மினி ஆறு, போகிற வழியெங்கும் நம் தாத்தா பாட்டிகள் வேலை செய்த தோட்டங்கள். இவ்வளவும் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் இருக்கின்றன.

ஆனால் இங்கே நேரம் தப்பினால் பாதி அனுபவம் போச்சு. நாளை எப்படித் தேர்ந்தெடுப்பது, எதைத் தவறவிடக்கூடாது, அங்கே எப்படி நடந்துகொள்வது? சொந்தமாகப் புறப்படுகிறவர்களுக்கான வழிகாட்டி இது.

முதலில் வீட்டுக் காலண்டரைப் பாருங்கள்

சுவரில் மாட்டியிருக்கும் தமிழ் நாள்காட்டியை அம்மா மட்டும்தான் பார்க்கிறாரா? இந்தப் பயணத்துக்கு உங்களுக்கும் அது தேவைப்படும். இங்குள்ள இரண்டு பெரிய காட்சிகளும் நிலாவை நம்பித்தான் இருக்கின்றன.

ஸ்கை மிரர் எனப்படும் மணல்திட்டு, கடல்நீர் நன்றாக வற்றும்போதுதான் வெளியே தெரியும். நீர் அதிகமாக ஏறி அதிகமாக வற்றுவது அமாவாசை, பௌர்ணமி நாள்களை ஒட்டித்தான். மின்மினிகளுக்கோ இருட்டு வேண்டும். நிலா வெளிச்சம் அடித்தால் அவற்றின் ஒளி மங்கலாகத் தெரியும். ஆக:

- அமாவாசையை ஒட்டிய நாள்கள்: ஸ்கை மிரர், மின்மினி இரண்டும் பார்க்கலாம். இதுதான் பெஸ்ட்.
- பௌர்ணமியை ஒட்டிய நாள்கள்: ஸ்கை மிரருக்குச் சரி. மின்மினி சுமார்தான்.
- தேய்பிறை அஷ்டமிக்குப் பிறகு: நிலா நள்ளிரவுக்கு மேல்தான் எழும் என்பதால் மின்மினிக்கு நல்ல நாள்கள். ஸ்கை மிரர் படகு ஓடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எப்படிப் போறது?

கார் இருந்தால் வேலை சுலபம். வடக்கிலிருந்தும் ரவாங் பக்கமிருந்தும் வருபவர்களுக்கு 2011-இல் திறக்கப்பட்ட லாத்தார் நெடுஞ்சாலை ஈஜோக் வரை கொண்டுவந்து விடும். கிள்ளான்வாசிகள் கடலோரமாகச் செல்லும் 5-ஆம் எண் கூட்டரசுச் சாலையைப் பிடித்தால் போதும். ஜெராம், கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் எல்லாம் அதே சாலையில் வரிசையாக வரும்.

பஸ்ஸில் வந்தால் நகரம், மலை, இயற்கைப் பூங்கா மூன்றையும் நடந்தே முடித்துவிடலாம். சிக்கல் இரவில்தான். மின்மினி பார்க்கும் கம்போங் குவாந்தான் நகரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அங்கே போவதற்கு மட்டுமல்ல, திரும்புவதற்கும் வண்டியை முன்கூட்டியே பேசி வையுங்கள். இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசியை நோண்டினால் வண்டி கிடைக்கும் என்று நம்பி நிற்காதீர்கள்.

1. புக்கிட் மலாவாத்தி: டச்சுக்காரர்கள் பிடித்து, இழந்த மலை

நகரத்துக்கு மேலேயே நிற்கும் சிறு குன்று இது. மேலே நின்றால் ஆறு கடலில் கலக்கும் இடமும் மலாக்கா நீரிணையும் தெரியும். அந்தக் காலத்தில் இந்தக் குன்று யார் கையில் இருக்கிறதோ, ஆற்று வாணிபமும் அவர் கையில்.

அதனால்தான் சண்டை வந்தது. 1784-இல் டச்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து, தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங் பெயரை அதற்குச் சூட்டினார்கள். பகாங்கிற்குப் பின்வாங்கிய சிலாங்கூர் சுல்தான் இப்ராஹிம், அங்கிருந்து படை உதவி பெற்று அடுத்த ஆண்டே கோட்டையை மீட்டார். அந்தக் காலத்துப் பீரங்கிகள் இன்றும் கடலைப் பார்த்தபடி இருக்கின்றன. சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்களின் கல்லறைகளும் இங்கேதான். 1907-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கமும் பக்கத்திலேயே இருக்கிறது. நோன்பு, பெருநாள் பிறை பார்க்க அதிகாரிகள் கூடும் இடங்களில் இந்த மலையும் ஒன்று.

ஆனாலும் பலருக்கு இந்த மலை என்றால் குரங்குதான் நினைவுக்கு வரும். வெள்ளிச் சாம்பல் நிறத்தில், தலையில் கொண்டை முடியோடு மெதுவாக வந்து பக்கத்தில் உட்காருபவை லோத்தோங் குரங்குகள். அவற்றின் குட்டி பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். வளர வளர நிறம் மாறிவிடும். இவை இலைதழை தின்னும் குரங்குகள். ரொட்டியும் கெரோப்போக்கும் அவற்றின் வயிற்றுக்கு ஆகாது. பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவது இவையல்ல. நீண்ட வால் கொண்ட பழுப்புக் குரங்குகள்தான். அவற்றிடம் மட்டும் ஜாக்கிரதை.

2. இயற்கைப் பூங்கா: மலையடிவாரத்து அமைதி

மலையிலிருந்து இறங்கினால் கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா. 1987 முதல் மலேசிய இயற்கைக் கழகம் இதைப் பராமரித்து வருகிறது. அலையாத்திக் காட்டுக்குள் மரப்பாலத்தில் நடக்கலாம். காலுக்குக் கீழே சேற்றில் தாவும் மீன்களையும் ஒற்றைக் கொடுக்கை ஆட்டும் நண்டுகளையும் பார்க்கலாம். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கே குளிருக்குத் தப்பி வரும் கரைப்பறவைகள் இந்தக் கரையோரச் சேற்றில் இரை தேடும். காலையில் போவது நல்லது. கொசு மருந்து கட்டாயம்.

3. ஸ்கை மிரர்: கடல் நடுவே கண்ணாடி

இன்ஸ்டகிராமில் நீங்கள் பார்த்த அதே இடம்தான். கரையிலிருந்து படகில் அரை மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். நீர் வற்றியதும் மணல்திட்டு வெளியே வரும். அதன் மேல் மெல்லிய படலமாகத் தங்கும் நீரில் வானம் அப்படியே தெரியும். சில மணி நேரத்தில் கடல் மறுபடி ஏறி அதை மூடிவிடும்.

நீர் வற்றும் நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் படகு எத்தனை மணிக்கு என்பதை முதல் நாளே உறுதி செய்யுங்கள். உயிர்காப்பு உடை போடாமல் படகில் ஏறாதீர்கள். நிழலே இல்லாத இடம் அது. தொப்பியும் தண்ணீரும் வேண்டும். படகோட்டி கூப்பிட்டால் “இன்னும் ஒரே ஒரு படம்” என்று நிற்காமல் உடனே வந்துவிடுங்கள். கடல் காத்திருக்காது.

4. தோட்டப் பாதை: வழிகாட்டிப் புத்தகங்களில் இல்லாத காட்சி

ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா. இந்தச் சாலைகளில் போகும்போது இருபுறமும் செம்பனை மட்டும்தான் தெரியும். வேகமாகக் கடந்துவிடாதீர்கள்.

பெஸ்தாரி ஜெயா என்ற பெயர் 2007-இல் வந்தது. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் இன்றும் ‘பத்தாங் பெர்ஜுந்தை’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பக்கம் இருக்கும் ஒரு தோட்டத்தின் பெயர் தென்னமாராம். சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். தென்னைமரம் என்று காதில் விழும். மலேசியாவில் வர்த்தக அளவில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டது 1917-இல், அந்தத் தோட்டத்தில்தான். நட்டவர் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அதற்கு முன் பக்கத்திலுள்ள ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் தோட்டம் போட்டவர். மலாயாத் தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்ஸின் கொன்கூர் பரிசு கிடைத்தது.

முதலாளியின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் சீவி, பிறகு செம்பனைக் குலை வெட்டியவர்களின் பெயர்களை எந்தப் பலகையும் சொல்வதில்லை. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள் அவை. தோட்டங்கள் கைமாறி, துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாக மாற, பல குடும்பங்கள் லயத்து வீட்டோடு வேலையையும் விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பல தோட்டங்களில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு கோயிலும் ஒரு தமிழ்ப்பள்ளியும்தான். பள்ளிப் பெயர்ப்பலகையில் ‘லாடாங்’ என்ற சொல்லைக் கண்டால் கொஞ்சம் நின்று படியுங்கள். தோட்டமே இல்லாமல் போன பிறகும் அதன் பெயரைச் சுமந்து நிற்பது பெரும்பாலும் அந்தப் பலகைதான்.

ஒரு விஷயம்: தோட்டம் தனியார் நிலம். மக்கள் வசிக்கும் லயங்களுக்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு நுழையாதீர்கள். கோயிலில் கும்பிட்டுவிட்டு, அங்கிருக்கும் பெரியவர்களிடம் “ஐயா, நீங்க எந்தத் தோட்டம்?” என்று கேட்டுப் பாருங்கள். கதை தானாக வரும்.

புக்கிட் ரோத்தானில் 2013-இல் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ சக்தி தேவஸ்தானம் பார்க்க வேண்டிய இடம். 51 சக்தி பீடங்களின் அம்மன் வடிவங்களை அங்கே தரிசிக்கலாம். அரைக்கால் சட்டையோடு போகாதீர்கள்.

5. செக்கிஞ்சான்: நேரம் மிஞ்சினால்

வடக்கே போனால் கண்ணுக்கு எட்டும்வரை நெல்வயல். ஆண்டுக்கு இரண்டு போகம். நடவு முடிந்து சில வாரங்களில் பச்சை, அறுவடைக்கு முன் பொன்னிறம், அறுத்த பிறகு வெறும் கட்டாந்தரை. எனவே வயல் எந்த நிலையில் இருக்கிறது என்று சமூக ஊடகத்தில் அண்மைய படங்களைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். பந்தாய் ரெடாங் கடற்கரையில் சிவப்பு நாடாக்கள் தொங்கும் வேண்டுதல் மரமும் உண்டு.

6. கம்போங் குவாந்தான்: இரவின் கதாநாயகன்

சூரியன் மறைந்து முழுதாக இருட்டியதும் சம்பானில் ஏறுங்கள். துடுப்புப் படகு, மோட்டார் சத்தம் இல்லை. ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒன்றாக மின்னி ஒன்றாக அணையும். நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை.

ஏன் ஒன்றாக மின்னுகின்றன? இது துணை தேடும் பேச்சு. ஆண் பூச்சிகள் ஒரே தாளத்தில் ஒளிவிட, பெண் பூச்சிகள் அதைப் பார்த்து வருகின்றன. டெரோப்டிக்ஸ் டெனர் என்ற இந்த இனத்தின் நீளம் அரிசி மணி அளவுதான். உடலுக்குள் லூசிஃபெரின் என்ற பொருள் ஆக்சிஜனோடு சேரும்போது ஒளி பிறக்கிறது. சூடு கிட்டத்தட்ட இருக்காது.

எதிர்க்கரைப் பக்கம் புக்கிட் பெலிம்பிங்கிலும் மின்மினி பார்க்கப் படகு உண்டு. எங்கே ஏறினாலும் விதி ஒன்றுதான்: ஃபிளாஷ் வேண்டாம், டார்ச் வேண்டாம், கைப்பேசித் திரையும் வேண்டாம். மின்மினியைப் பிடித்துப் போத்தலில் போடவே கூடாது. பலத்த மழை பெய்தால் அன்றைக்குப் பெரிதாக எதுவும் தெரியாது.

மின்மினி குறைவது ஏன் உங்கள் பிரச்சினையும்கூட?

பல ஆண்டுகளுக்கு முன் பார்த்தவர்கள், “அப்பல்லாம் மரமே தீபாவளி மாதிரி இருக்கும்” என்பார்கள். அது வெறும் ஏக்கமில்லை. மின்மினிக்கு வாழ மூன்று தேவை.

- பெரெம்பாங் மரம். நன்னீரும் உப்புநீரும் கலக்கும் கரையில் வளர்வது. செம்பனைக்கும் இறால் குளங்களுக்கும் கரை வெட்டப்பட்டபோது இந்த மரங்களும் போயின.
- ஈரமான கரை மண். மின்மினியின் புழு அங்கேதான் மாதக்கணக்கில் வளர்கிறது. அதன் உணவு சின்னச் சின்ன நத்தைகள். கரையைக் கொத்தினாலோ பூச்சிமருந்து கலந்தாலோ முதலில் சாவது இந்தத் தலைமுறைதான்.
- இருட்டு. புதிய சாலை விளக்கும் கட்டட வெளிச்சமும் அவற்றின் பேச்சைக் கெடுத்துவிடும்.

இதோடு ஆற்றுநீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே அணையிலும் சுத்திகரிப்பு நிலையங்களிலும் நன்னீர் அதிகம் எடுக்கப்பட்டால், கீழே கடலின் உப்பு ஆற்றுக்குள் இன்னும் தூரம் ஏறும். சிலாங்கூரும் கோலாலம்பூரும் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி இந்த சிலாங்கூர் ஆற்றிலிருந்துதான் வருகிறது. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஒரு கிளையாற்றில் கழிவு கலந்தபோது நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றன. ஒரு மில்லியனுக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குத் தண்ணீர் தடைபட்டது. வாளியோடு லாரிக்குக் காத்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அதே ஆற்றின் கடைசிச் சில கிலோமீட்டரில்தான் மின்மினிகள் வாழ்கின்றன.

ஒரு நாள் திட்டம் (அமாவாசை வாரம்)

- காலை: இயற்கைப் பூங்கா, பிறகு மலாவாத்தி மலை. படகு நேரம் முன்னதாக இருந்தால் முதலில் ஸ்கை மிரர்.
- மதியம்: ஆற்றின் அக்கரையில் பாசிர் பெனாம்பாங் மீனவக் கிராமத்தில் கடலுணவு.
- பிற்பகல்: புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா தோட்டப் பாதை. அல்லது செக்கிஞ்சான். இரண்டையும் திணிக்க வேண்டாம்.
- இரவு 7.30-க்கு மேல்: கம்போங் குவாந்தான்.

பாசிர் பெனாம்பாங் பக்கம் கோழித்தோலை வீசிப் பருந்துகளை வரவழைக்கும் படகுச் சவாரியும் உண்டு. நாம் கருடன் என்று கும்பிடும் அதே செம்பருந்துகள்தான். வீசும் தோலுக்குப் பழகினால் அவற்றின் வேட்டைப் பழக்கம் கெடும் என்று பறவை ஆர்வலர்கள் எச்சரிக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தாலும் கருடன் கருடன்தான்.

புறப்படும் முன் வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: நம்ம குடும்பம் முதலில் எந்தத் தோட்டத்தில் இருந்தது? பதில் இந்தப் பக்கத்துப் பெயராக இருந்தால், உங்கள் பட்டியலில் இன்னோர் இடம் சேர்ந்துவிடும்.