அத்யாபக மிராசும் உரிமையியல் வழக்கும்

உரிமையியல் நீதிமன்றத்துக்கு வரும் வழக்குகள் எவை என்று கேட்டால், வழக்கறிஞர் எவரும் பாகப்பிரிவினையில்தான் தொடங்குவார். பிராமிசரி நோட்டுக் கடன், வாடகைக்காரரைக் காலி செய்வித்தல், விளம்புகை, நிரந்தர உறுத்துக்கட்டளை என்று வரிசை நீளும். காஞ்சிபுரத்தில் தறி போட்ட வீட்டில் பாகப்பிரிவினை எளிதில் முடிவதில்லை. முதனிலைத் தீர்ப்பாணை யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்லிவிடும். ஆணையர் வந்து அளக்கும்போதுதான் குறுகலான மனையைத் துண்டு போட முடியாதென்பது தெரியும். அப்போது 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டப்படி வீட்டையே விற்றுப் பணத்தைப் பங்கிட வேண்டியதாகலாம். 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் மணமாகாத மகளும் பூர்வீகச் சொத்தில் பங்குதாரர். 2005இல் மத்தியச் சட்டம் மணமான மகளுக்கும் அந்தப் பங்கை வழங்கியது.

ஆனால் சின்ன காஞ்சிபுரத்தைச் சட்ட நூல்களில் நிலைநிறுத்திய வழக்கு வீடு, மனை பற்றியதன்று. வரதராசப் பெருமாள் சந்நிதியில் ஆழ்வார் பாசுரங்களைக் கூட்டாக ஓதும் அருளிச்செயல் கோஷ்டியை நடத்தும் உரிமை, அதாவது அத்யாபக மிராசு என்னும் பதவி, யாருக்கு என்பது பற்றியது. கோயிலின் பரம்பரைத் தர்மகர்த்தாக்களான தாத்தாசாரியார்கள் வைணவத்தின் வடகலைப் பிரிவினர். பிரபந்தம் ஓதும் மிராசைக் கொண்டவர்கள் தென்கலையார். சேவாகாலம் தொடங்கும்போது மணவாள மாமுனிகளைப் போற்றும் தனியனா, வேதாந்த தேசிகரைப் போற்றும் தனியனா, முடிவில் யாருடைய வாழித்திருநாமம் என்பதில் பூசல் பிறந்தது. தேசிகர் அவதரித்த தூப்புல் இதே ஊர்ப்பக்கம் என்பதை எண்ணினால் வடகலையாரின் மனத்தாங்கல் விளங்கும்.

இதில் நீதிமன்றத்துக்கு என்ன வேலை? உரிமையியல் விசாரணைமுறைச் சட்டம், 1908இன் 9ஆம் பிரிவு விடை தருகிறது. சொத்தோ பதவியோ தகராறில் இருந்தால், அது முழுவதும் சமயச் சடங்கைப் பற்றிய கேள்வியைச் சார்ந்திருந்தாலும், வழக்கு உரிமையியல் தன்மையதே. எந்தச் சம்பிரதாயம் மெய்யானது என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்காது; பதவியைக் காக்கும் அளவுக்கு, ஏற்கப்பட்ட வழக்கம் எது என்று மட்டும் ஆராயும். 19ஆம் நூற்றாண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் இந்த எல்லையை வகுத்துக்கொண்டது. அதன் 1882, 1915ஆம் ஆண்டுத் தீர்ப்புகள் தென்கலையாரின் மிராசை உறுதிசெய்தன. பதவிக்கு ஊதியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வழக்கு நிற்கும் என்று 1976இல் 9ஆம் பிரிவில் சேர்த்த விளக்கம் மிகச் சரியானது என்பேன். கோஷ்டியில் முதல் வரிசையில் அமர்பவரின் மரியாதையைப் படிக்காசால் அளக்க இயலாது.

இந்த வழக்கு வகையின் கனம் அது கட்டுப்படுத்தும் காலத்தில் இருக்கிறது. கடன் வழக்கு கடனாளியோடும் அவர் வாரிசின் கையிலுள்ள சொத்தோடும் முடியும். முறையாகப் பிரதிநிதித்துவ வழக்காக நடத்தப்பட்டதோ சமூகம் முழுவதையும் கட்டும். முன்தீர்ப்புத் தடை என்ற 11ஆம் பிரிவு அதைப் பிறக்காத தலைமுறைக்கும் கொண்டுபோகிறது. அதனால்தான் 1882இன் தீர்ப்பை இன்றைய வழக்கறிஞரும் கையில் வைத்துக்கொண்டு வாதாடுகிறார்.

1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டம், வழக்கப்படி வரும் கோயில் மரியாதை, படித்தரத் தகராறுகளை 63ஆம் பிரிவின் வழியே அறநிலையத் துறை அதிகாரியிடம் முதலில் அனுப்பியது. ஆனாலும் இந்தச் சச்சரவு ஓயவில்லை. 2022 மே மாதம் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, முன்வரிசையில் தென்கலையார், அவர்களுக்குப் பின் வடகலையார், அதற்கும் பின் பொதுப் பக்தர்கள் என்று இடம் வகுத்து, இரு தனியன்களுக்கும் வரிசை தந்து, பிரபந்தத்தை எல்லோரும் சேர்ந்தே சேவிக்கலாம் என்றார். அதுவும் மேல்முறையீட்டுக்குப் போனது.

அந்த மூன்றாம் வரிசையைப் பற்றியே எனக்குக் கவலை. பாசுரங்களை மனப்பாடமாக அறிந்த பக்தருக்கு மிராசு இல்லை. எனவே வாதியாகவோ பிரதிவாதியாகவோ அவர் பெயர் பிராதில் ஏறுவதில்லை. வழிபடும் உரிமை அவருக்குண்டு. ஆனால் எந்த இடத்தில் நின்று எப்போது குரல் கொடுக்கலாம் என்பதைப் பதவி உரிமையைச் சுற்றி எழுந்த தீர்ப்பாணைகளே நிர்ணயிக்கின்றன.