மில்டனின் மகள்கள்

‘பாரடைஸ் லாஸ்ட்’ நடத்தும்போது நான் கவிஞரை விட்டுவிட்டு அவருடைய பெண்களிடமிருந்துதான் தொடங்குவேன். 1652-இல் மில்டனுக்குப் பார்வை முழுதும் போயிற்று. அதே ஆண்டு கடைசி மகள் டெபோராவைப் பெற்ற சில நாளில் மனைவியும் போய்விட்டாள். பிரெய்ல் எழுத்தெல்லாம் அடுத்த நூற்றாண்டையும் தாண்டித்தான் வந்தது. ஆகவே வீட்டுப் பிள்ளைகளே கண்.

மூத்தவள் ஆனுக்கு உடற்குறை, பேச்சும் தடுமாறும், அவளுக்கு விலக்கு. மேரியும் டெபோராவும் எபிரேயம், கிரேக்கம், லத்தீன், இத்தாலியம், ஸ்பானியம், பிரெஞ்சு என்று வாய்விட்டுப் படித்தார்கள். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. உச்சரிப்பு மட்டும் பழக்கப்பட்டிருந்தது. மில்டனின் அக்கா மகன் எட்வர்ட் பிலிப்ஸ் 1694-இல் இதை எழுதிவைத்தார். மகாகவிதான், ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் பொருளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

1663-இல் அப்பாவுக்கு மூன்றாவது கல்யாணம் என்றதும், இதென்ன சேதி, அவர் செத்தார் என்றால் அல்லவா சேதி என்கிற தொனியில் மேரி பேசினாளாம். உயில் வழக்கில் வேலைக்காரி சொன்ன சாட்சியம் இது. கொஞ்சம் கூட்டிச் சொல்லியும் இருக்கலாம்.

டெபோரா பிற்காலத்தில் வறுமைப்பட்டாள். ஹோமரின் தொடக்க வரிகளைக் கிழவியான பின்னும் ஒப்பித்தாளாம். 1727-இல் இறந்தாள், அதற்குச் சற்று முன் ராணி கரோலின் 50 கினி அனுப்பியிருந்தார்.