பழைய மர மெஷினுக்கு நியாயமான விலை எது? – ஒரு சின்ன வரலாறு



நம் ஊர்களில் மரத்தொழிலுக்கு வரும் பிள்ளைகள் முதலில் தேடுவது ஒரு பிளேனரையும் ஒரு பேண்ட் சோவையும்தான். புதிது வாங்க வசதியில்லை. ஆகவே ரிகண்டிஷன் மெஷின், அல்லது யாரோ ஓட்டிய மெஷின். அதற்கான காசும் பெரும்பாலும் வீட்டு நகையை அடகு வைத்த காசுதான். மெஷின் பிழைத்தால் நகையும் போகும், தொழிலும் போகும். “இதுக்கு இவ்வளவு கேட்கிறாங்க, சரியா சேர்?” என்று கேட்பவர்களுக்கு நாம் ஓடாவிகள் அல்ல. ஆனால் வரலாறு படிப்பிப்பவர்கள் என்ற வகையில் ஒன்று சொல்லலாம். பழைய மெஷினின் விலைக்குப் பின்னால் இருநூறு வருடக் கதை இருக்கிறது. அந்தக் கதை தெரிந்தவரை ஏமாற்றுவது கஷ்டம்.

முதலில், பழையது என்பதற்காக ஏன் மலிவாக இருக்க வேண்டியதில்லை என்பதைப் பார்ப்போம்.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் 1800களின் தொடக்கத்தில் கடற்படைக் கப்பல்களுக்கான மரக் கப்பிகள் செய்ய ஒரு தொழிற்சாலை எழுந்தது. சாமுவேல் பெந்தம் அதற்கு வழி திறந்தார். மார்க் புருனெல் மெஷின்களை வடிவமைத்தார். ஹென்றி மோட்ஸ்லி அவற்றைச் செய்து கொடுத்தார். மொத்தம் 45 மெஷின்கள். முன்பு 110 பேர் செய்த வேலையை 10 பேர் செய்தார்கள். 1808 அளவில் வருடத்துக்கு 130,000 கப்பிகள் வெளிவந்தன. நமக்கு முக்கியமான விஷயம் வேறு. அதுவரை மெஷின்களின் சட்டத்தை மரத்தில் செய்வதே வழக்கமாக இருந்தது. மோட்ஸ்லி முழுவதையும் உலோகத்தில் செய்தார். அதனால் அவற்றில் சில நூறு வருடங்களுக்குப் பிறகும் ஓடின.

கனமான வார்ப்பிரும்பு உடம்பு தேயாது, அதிராது. தேய்வது பேரிங், பெல்ட், பிளேட், மோட்டார். இவை எல்லாம் மாற்றக்கூடியவை. ஆகவே பழைய மெஷினில் நாம் காசு கொடுக்க வேண்டியது உடம்புக்கு. கழிக்க வேண்டியது தேய்ந்த பாகங்களுக்கு. உடம்பில் வெடிப்பு இருந்தால், மேசை வளைந்திருந்தால், அது இரும்புக்கடை விலைக்குத்தான் பெறுமதி.

இரண்டாவது, விலை எப்போதும் மெஷினின் தரத்தைச் சொல்வதில்லை.

அமெரிக்காவில் வில்லியம் வுட்வர்த் என்பவர் 1828இல் பலகை சீவும் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். 14 வருடத்தில் முடிய வேண்டியது. முதலில் 7 வருடம் நீட்டினார்கள். பிறகு கொங்கிரஸ் சபையே இன்னும் 7 வருடம் கொடுத்தது. 1856 வரை அந்த உரிமையை வாங்கி வைத்திருந்தவர்கள் ஊர் ஊராகப் பிரித்து அனுமதி விற்றார்கள், சீவிய பலகைக்கும் கட்டணம் அறவிட்டார்கள். தச்சர்களும் பலகை வாங்குபவர்களும் எதிர்த்து மனுக்கள் அனுப்பினார்கள். 28 வருடமாக மக்கள் கொடுத்தது இரும்புக்கும் உழைப்புக்கும் உரிய விலை மட்டுமல்ல. வேறு வழி இல்லாததற்கான விலையும்தான்.

நம் நாட்டிலும் இதே கதை வேறு உருவில் நடந்திருக்கிறது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 1977க்குப் பிறகு கதவு திறந்தது, காலப்போக்கில் ஜப்பானிலிருந்து பழைய மெஷின்களும் வந்து இறங்கின. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்குப் போனது. பட்டறை மூலையில் சும்மா கிடந்த மெஷினுக்குக்கூட அதோடு சேர்ந்து விலை ஏறியது. அந்த மெஷின் ஒரு நாளில் நல்லதாகி விடவில்லை. பின்னர் டொலர் 300 ரூபாய் அளவுக்கு இறங்கியது. ஆனால் 2022இன் விலையை மனதில் வைத்தே கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். “அப்ப இவ்வளவு போச்சு” என்பது இன்றைய விலைக்கு ஆதாரமாகாது.

மூன்றாவது, ஜப்பான் மெஷின் வாங்குபவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய கதை.

1890களின் நடுப்பகுதியில் டோக்கியோவுக்கு மின்சார ஜெனரேட்டர்கள் ஜேர்மனியிலிருந்து வந்தன. அவை 50 ஹேர்ட்ஸ். ஒசாகாவுக்கு அமெரிக்காவிலிருந்து வந்தன. அவை 60 ஹேர்ட்ஸ். அந்தப் பிரிவினை இன்றுவரை மாறவில்லை. ஜப்பானின் கிழக்கில் 50, மேற்கில் 60. நமது கரண்ட் 50 ஹேர்ட்ஸ். ஆகவே மேற்கு ஜப்பானில் ஓடிய மெஷினை இங்கே நேரே ஓட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். நிமிடத்துக்கு 1800 சுற்று வர வேண்டியது 1500 அளவில் நிற்கும். சீவிய பலகை கரடுமுரடாக வரும், மோட்டாரும் சூடாகும். இன்னொன்று, அங்கே திரீ பேஸ் 200 வோல்ட், இங்கே 400 வோல்ட். ட்ரான்ஸ்போர்மர் போட வேண்டும், அல்லது மோட்டாரை மாற்ற வேண்டும். மோட்டாரில் ஒட்டியிருக்கும் சின்னத் தகட்டை வாசிக்காமல் விலை பேசுவது, சம்பளம் கேட்காமல் வேலைக்குப் போவது போல.

இன்னும் ஒன்று. ஆரம்பகால பிளேனர்களில் பிளேட் பூட்டும் தலை சதுரமாக இருந்தது. கை தவறி உள்ளே போனால் முழுக் கையையும் இழுத்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உருண்டைத் தலை பரவியது. சதுரத் தலை உள்ள மெஷினை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். விரலுக்கு ரிகண்டிஷன் கிடையாது.

இனி நமது சொந்த வரலாற்றுக்கு வருவோம். மதீனாச் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்டது. மழையில் நனைந்ததை அடியில் வைத்து, காய்ந்ததை மேலே பரப்பியிருந்தார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவரைக் கண்டித்தார்கள். வெள்ளத்தில் மூழ்கிய மெஷினுக்குப் புதுப் பெயின்ட் அடித்து விற்பது இதே குவியல்தான். கவனியுங்கள், நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்று சொல்லப்படவில்லை. மறைக்கக் கூடாது என்பதே பாடம். குறையோடு விற்கலாம், குறையைச் சொல்லி, அதற்குரிய விலைக்கு.

வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்து போகும் ஒரு ஸஹாபிக்கு மூன்று நாள் அவகாசம் வழங்கப்பட்ட செய்தியும் நமக்குத் தெரியும். அதை வைத்தே, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை நிபந்தனையாகப் பேசிக்கொள்ள ஷாபிஈ மத்ஹபில் மூன்று நாள் வரை இடமிருக்கிறது. இதை நாம் கிதாபில் ஓதுகிறோம், பட்டறையில் கேட்பதில்லை. “மூணு நாள் மரம் போட்டு ஓட்டிப் பாக்கிறன் காக்கா, சரிவராட்டி திருப்பித் தாறன்” என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? நம்பிக்கையோடு விற்பவர் அதற்கு மறுப்புச் சொல்லத் தேவையில்லை. மறுத்தால் அதுவே ஒரு தகவல்.

இந்தச் சட்டங்களுக்கு மறுபக்கமும் உண்டு. கிராமத்திலிருந்து சரக்கோடு வருபவர்களைச் சந்தைக்கு வெளியே மறித்து வாங்குவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சந்தை விலை தெரியாத விற்பவரைக் காப்பாற்றும் சட்டம் அது. நம் ஊரில் ஒரு ஓடாவி மவுத்தானால், இத்தா முடியும் முன்பே வாசலுக்கு வந்து “இது பழைய இரும்பு” என்று சொல்லி மெஷின்களை ஏற்றிக்கொண்டு போகும் ஆட்கள் உண்டு. அந்த வீட்டு உம்மாவுக்குப் பேண்ட் சோவின் விலை தெரியாது. நியாயமான விலை என்றால் வாங்குபவர் ஏமாறாதது மட்டுமல்ல, விற்பவரும் ஏமாறாதது. மலிவாகக் கிடைத்தது என்று நாம் சந்தோஷப்படும் மெஷின், ஓர் யத்தீம் பிள்ளையின் ஹக்காக இருந்தால் அதில் பரக்கத் எங்கே?

அப்படியானால் கணக்கு எப்படிப் போடுவது? உதாரணத்துக்கு மட்டும் இந்த எண்கள். அதே வகை, நல்ல நிலையில் உள்ள மெஷின் இன்று 4 இலட்சம் போகிறது என்று வைப்போம். நீங்கள் பார்க்கும் மெஷினுக்கு மோட்டார் மாற்ற 60,000. பேரிங், பிளேட், பெல்ட் 25,000. லொறி, வயரிங் 15,000. மொத்தம் ஒரு இலட்சம். எனவே 3 இலட்சத்துக்கு மேல் கொடுப்பது நட்டம். அதைவிட மிகக் குறைத்துப் பறிப்பது அநியாயம். பேச்சு இந்த எண்ணைச் சுற்றித்தான் இருக்க வேண்டும், விற்பவரின் தேவையைச் சுற்றி அல்ல.

பார்க்கப் போகும்போது:

– மெஷின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்தால் ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியாது.
– கரண்டை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, தலையைக் கையால் சுற்றுங்கள். கரகரப்போ ஆட்டமோ இருந்தால் பேரிங் போயிருக்கலாம்.
– நேரான இரும்புச் சட்டத்தை மேசையில் குறுக்கும் மறுக்கும் வைத்து வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள்.
– பெயின்ட் புதிதாக இருக்கும் மூலைகளில் வெல்டிங் அடையாளம் தேடுங்கள்.
– நீங்களே ஒரு கட்டை கொண்டு போய், அரை மணி நேரம் வேலை செய்து, மோட்டார் சூட்டைப் பாருங்கள்.
– அனுபவமுள்ள ஒரு ஓடாவியைக் கூட்டிப் போங்கள். அவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்தாலும் இலாபம்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வுட்வர்த் காலத்தில் உரிமை ஒரு சிலரின் கையில் இருந்தது. இன்று தகவல் ஒரு சிலரின் கையில் இருக்கிறது. எந்த மெஷின் எந்த நிலையில் எவ்வளவுக்குப் போனது என்று நம் ஊர் ஓடாவிகள் ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் போதும், பாதிப் பிரச்சினை தீரும். பள்ளிவாசல் நிர்வாகமோ தொழிலாளர் சங்கமோ அந்தக் கொப்பியைப் பொறுப்பெடுக்கலாம். மவுத்தான ஓடாவியின் குடும்பம் விற்கும்போதும், நகை அடகு வைத்த பிள்ளை வாங்கும்போதும் அதைத் திறந்து பார்க்கலாம்.

மூத்த ஓடாவிமார் நாம் விட்ட விஷயங்களைக் கீழே எழுதுங்கள். தேவைப்படும் பிள்ளைகளுக்கு இதைப் பகிருங்கள். அல்லாஹ் நம் எல்லோருடைய தொழிலிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.