ஒரு மரங்கொத்தியும் எண்பது வருசப் பொறுமையும்

மரங்கொத்தின்னா பட்டுப்போன மரத்துல டொக் டொக்குன்னு கொத்திப் பொந்து போடும். நம்மில் பலருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் ஒரு பிடிவாதக்கார மரங்கொத்தி இருக்கிறது. பெயர் ரெட்-காக்கேடட் உட்பெக்கர். அதுக்கு உயிரோட நிற்கிற பைன் மரம்தான் வேணும். அதுவும் கிழட்டு மரம்.

ஏன் இந்த அடம்? எண்பது, நூறு வயசு ஆன பைன் மரத்தில்தான் உள்ளே வைரம் பாய்ந்த பகுதி போதுமான தடிமனுக்கு வரும். அதை ஒருவகைப் பூஞ்சை பிடித்து மெத்தென்று ஆக்கியிருந்தால் குடைவது சுலபம். அப்படியும் ஒரு பொந்து முடிய வருசக்கணக்கில் ஆகலாம். முடிந்ததும் வாசலைச் சுற்றிக் கொத்தி வைக்கும். பிசின் வழிந்துகொண்டே இருக்கும். மரமேறும் பாம்புக்கு அதைத் தாண்டி வருவது பெரும்பாடு. பட்ட மரத்தில் இந்தக் காவல் கிடைக்குமா?

இதுக்குப் பிடித்தது லாங்லீஃப் என்ற பைன் வகை. ஒரு காலத்தில் சுமார் 9 கோடி ஏக்கரில் இருந்த காடு. கப்பலுக்குத் தார், டர்பெண்டைன், வீட்டுக்குப் பலகை, அப்புறம் விவசாயம் என்று கரைந்து, 1990-களில் ஏறக்குறைய 30 லட்சம் ஏக்கர்தான் மிச்சம். இந்தக் காட்டுக்கு அடிக்கடி தரையோடு ஓடும் சின்னத் தீ வேணும். தீயே ஆகாது என்று பல பத்தாண்டுகள் அணைத்ததில், வேறு மரங்கள் புதராக மண்டின. பொந்து உயரத்துக்குப் புதர் வந்தால் பறவை இடத்தைக் காலி பண்ணிவிடும்.

1970-ல் அழியும் இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். 1973-ல் வலுவான சட்டமும் வந்தது. பறவையைக் கொல்லாதேன்னு சட்டம் சொல்லலாம். நூறு வயசு மரத்தைச் சட்டம் போட்டு வளர்க்க முடியுமா சொல்லுங்க?

1989 செப்டம்பர் 21 நள்ளிரவு வாக்கில் ஹியூகோ புயல் தென் கரோலினாவில் கரையேறியது. அங்குள்ள ஃபிரான்சிஸ் மேரியன் தேசியக் காட்டில் இந்தப் பறவை ஏராளமாக இருந்தது. ஒரே ராத்திரியில் பொந்து மரங்களில் 87 சதவீதம் போச்சு. பறவைகளில் 63 சதவீதமும்.

கைகொடுத்தது தச்சுவேலை! :-) கரோல் கோப்பியன் என்ற ஆய்வாளர் மரத்தில் துளையிட்டுப் பொந்து செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். டேவிட் ஆலன், ரம்பத்தால் மரத்தில் சதுரமாக வெட்டி, பொந்து குடைந்த மரப்பெட்டியை உள்ளே செருகினார். புயலுக்குத் தப்பிய, வயசு பத்தாத மரங்களில் நூற்றுக்கணக்கில் இப்படிச் செய்தார்கள். பறவைகளும் முகம் சுளிக்காமல் குடியேறின. கூடவே திட்டமிட்டுத் தீ வைத்துப் புதரைக் குறைத்தார்கள்.

1970-களின் கடைசியில் சுமார் 1,470 ஆக இருந்த குடும்ப இருப்பிடங்கள் இன்று சுமார் 7,800. 2024 அக்டோபரில் இந்தப் பறவையை 'அழியும் நிலை'யிலிருந்து ஒரு படி குறைத்து 'அச்சுறுத்தலுக்கு உள்ளானது' என்று மாற்றினார்கள்.

சந்தோசம்தான். ஆனால் என் பார்வையில் பெட்டி என்பது வாடகை வீடு. பழசானால் மாற்றணும், அதுக்குப் பணமும் ஆளும் வேணும். ஹியூகோ அடித்த வருசம் முளைத்த கன்றுக்கு எண்பது வயசு ஆவது 2069-ல். அதுவரை யாராவது ஏணி தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கணும். கிழட்டு மரம் ஒன்றை வெட்டும்போது நாம் இழப்பது கட்டையை இல்லை, அந்த எண்பது வருசத்தை.