எந்த ஊரில் கவிழ்ந்தது லாரி?

வில்லியனூரில் ஜல்லி ஏற்றிய லாரி விழுப்புரம் சாலையில் போனால் சிறிது நேரத்தில் கண்டமங்கலம். அது தமிழ்நாடு. அதைத் தாண்டித் திருபுவனை வந்தால் மறுபடியும் புதுச்சேரி. ஓட்டுகிறவருக்கு எல்லாம் ஒரே தார்ச்சாலைதான். வண்டி கவிழ்ந்தால்தான் எல்லைக்கோடு தெரியவரும். எஃப்.ஐ.ஆர். எந்த ஸ்டேஷனில்? எந்த மாநிலத்து பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைப் பார்ப்பார்? கையிலிருக்கும் பர்மிட் இங்கே செல்லுமா? கான்ட்ராக்டர் கிளைம் போடப் போனால் முதல் கேள்வி சேதம் எவ்வளவு என்பதல்ல. வண்டி இருந்த இடத்தில் இருக்க அதற்கு உரிமை இருந்ததா என்பதுதான்.

இந்தத் துண்டு துண்டான நிலம் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் போட்ட சண்டைகளின் மிச்சம். வில்லியனூரும் பாகூரும் 1880இல் கொம்யூன்கள், அதாவது உள்ளாட்சிப் பகுதிகள், ஆயின. பிரெஞ்சு இந்தியாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் இடையே 1941இல் வந்த சுங்க ஒன்றியம் 1949இல் முறிந்ததும் சாலைகளில் சுங்கச் சோதனை திரும்பியது.

அதற்குள் எல்லைக்கு அப்பால் வேறொன்று நடந்திருந்தது. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கட்டாயக் காப்பீட்டுப் பகுதி 1946 ஜூலை முதல் தேதி பிரிட்டிஷ் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. பாகூரிலிருந்து எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம் போகும் வண்டிக்கு அந்தச் சட்டம். முள்ளோடைக்கு இப்பால் பிரெஞ்சுச் சட்டம். பிரான்ஸ் தன் சொந்த மண்ணிலேயே வாகனக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது 1958இல்தான். 1954 நவம்பரில் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவுக்குக் கைமாறியது. சட்டப்படியான இணைப்புக்கு 1962 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மறு ஆண்டு வந்த ஒழுங்குமுறை மத்தியச் சட்டங்கள் பலவற்றை ஒரேயடியாக இங்கே கொண்டுவந்தது.

சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் என்ற ஆளை இந்தியச் சட்டம் கட்டாயமாக்கியது 1968இல். இருபதாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் போகும் கிளைம் என்றால் உரிமம் பெற்ற சர்வேயர் பார்த்தாக வேண்டும் என்றானது. மோட்டார் கிளைமுக்கு அந்த வரம்பு இப்போது ஐம்பதாயிரம். 1973 ஜனவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் காப்பீட்டுக் கம்பெனிகள் நான்கு அரசுக் கம்பெனிகளுக்குள் அடங்கின. அவற்றில் யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமையகம் சென்னை.

பாலிசியின் பின்பக்கத்துச் சிறு எழுத்தைப் படிக்கிற கான்ட்ராக்டர் அபூர்வம். 2002 மோட்டார் டாரிஃப்பில் 23ஆம் எண் இணைப்பு என்று ஒன்று உண்டு. கூடுதல் பிரீமியம் கட்டி அதைச் சேர்க்காவிட்டால் லாரியின் விளக்கு, டயர், மட்கார்டு, பானெட், பம்பர், பெயின்ட் ஆகியவை சேதமானால், வண்டியே முழு நஷ்டமானால் ஒழிய, பணம் வராது. விபத்தில் முதலில் நசுங்குவதே இவைதான்! ஜே.சி.பி. வைத்திருப்பவருக்கு 47ஆம் எண். மண் தோண்டும்போது இயந்திரம் கவிழ்ந்தால் இழப்பீடு கிடைக்க அதற்கும் தனியாகக் கட்டியிருக்க வேண்டும்.

பாகூர் நெல் விளையும் பூமி. அங்கே தகராறு டிராக்டரில். விவசாயத்துக்கென்று பாலிசி எடுத்த டிராக்டர், அறுவடை முடிந்ததும் டிரெய்லரில் செங்கலோ மணலோ ஏற்றி வாடகைக்கு ஓடும். சரக்கு ஏற்றும் டிராக்டர்-டிரெய்லர் சரக்கு வாகனமே, அதற்கு பர்மிட் வேண்டும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. டிரெய்லரில் நடவு ஆட்களை ஏற்றிப்போய்க் கவிழ்ந்தால் நிலைமை இன்னும் மோசம். சரக்கு வண்டியில் சும்மா ஏறிக்கொண்டவர்களுக்குக் காப்பீட்டுக் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002 இறுதியிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. இழப்பீடு உரிமையாளர் தலையில் விழும்.

இந்தக் காகிதச் சுமையைக் கொஞ்சம் இறக்கிவைத்தது ஒரு சின்ன வண்டி. 2005இல் வந்த டாடா ஏஸ், ஊர் வாயில் ‘குட்டி யானை’. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பர்மிட்டே தேவையில்லை என்கிறது 1988ஆம் ஆண்டுச் சட்டம். கண்டமங்கலத்தில் இடித்தாலும் கிளைம் ஃபைலில் ஒரு கேள்வி குறைவு. ஓட்டுநரின் லைசென்ஸ் பற்றிய சண்டைக்கும் 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு முடிவு கட்டியது. இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டியைத் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம். அந்த அனுமதி இல்லை என்ற காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட ஃபைல்கள் நாடெங்கும் ஏராளம்.

அதே மாத இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. தொடர்ந்து சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணை வழியே பாகூர் கிராமங்களில் புகுந்தது. வெள்ளச் சேதம் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ பாலிசியில் அடக்கம். ஆனால் நீர் வடிந்ததும் அவசரப்பட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்திருந்தால், உள்ளே தண்ணீர் நுழைந்து முறிந்த பாகங்களைப் பின்விளைவுச் சேதம் என்று சொல்லிக் கம்பெனி கழித்துவிடும். சாவியைத் தொடாமல் போட்டோ எடுத்து, தகவல் கொடுத்து, வண்டியை இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனவரின் கிளைம் நிற்கும். செலவை மிச்சம்பிடிக்க தேர்ட் பார்ட்டி மட்டும் கட்டிய பழைய டிப்பர்களுக்கு அந்த வழியும் இல்லை.