இராமானுஜத்தின் கனவு மாளிகைகள்

கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராயிருந்த நாள்களில் சென்னை ஓவியக் கல்லூரிக்கு வந்த மாணவர் கே. இராமானுஜம். குறுகிய உருவம், தடைப்படும் பேச்சு, இவற்றின்மேல் மனச்சிதைவு நோய். உலகம் ஒதுக்குவதற்கு இவை போதுமாயிருந்தன. பணிக்கரோ அவருடைய கோடுகளைக் கண்டார். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவான சோழமண்டலத்தில் அவருக்கும் இடம் அமைந்தது.

பேனாவும் மையும் கொண்டு அவர் எழுப்பியவை மாடங்கள், மண்டபங்கள், நெளிந்தெழும் நாகங்கள். அவற்றினிடையே தொப்பியணிந்த ஒருவர் மகளிர் சூழத் தோன்றுவார். அவர் ஓவியரேதான்! தெருவில் கிட்டாத மதிப்பைக் காகிதத்தில் தாமே தமக்கு வழங்கிக்கொண்டார். அந்நாகங்கள் அச்சமா, காவலா? இரண்டுமென்றே கொள்ளத் தோன்றுகிறது.

ஓவியம் அவர் நோயைத் தீர்த்ததென்பது மிகை. வரையும் பொழுதுகளில் ஆற்றியது என்னலாம். 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, அவர் தம் வாழ்வை முடித்துக்கொண்டார்.