இல்லாத விமான நிலையத்தில் இறங்குவது எப்படி?

வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பைலட் ஆசையைத் தீர்த்துக்கொண்டவர்கள் நம் கல்லூரி ஹாஸ்டலில் ஒன்றிரண்டு பேர் அல்ல. அடியேனும் அந்தக் கோஷ்டிதான். அந்த விளையாட்டின் சரித்திரத்தில் ஒரு கிளைக்கதை உண்டு. அதை இந்த மலரில் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்த புரூஸ் ஆர்ட்விக் உருவாக்கிய புரோகிராம், 1982-இல் மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டராக வெளிவந்தது. அதில் மொத்த உலகமே நாலு வட்டாரம்தான்: சிகாகோ, சியாட்டில், லாஸ் ஏஞ்சலீஸ், நியூயார்க்–பாஸ்டன். திறந்தவுடன் விமானம் நிற்பது சிகாகோ ஏரிக்கரையில் உள்ள மெக்ஸ் ஃபீல்டு என்ற சின்ன விமான நிலையத்தில். பல பதிப்புகளுக்கு அதுவே தொடக்க இடம். அமெரிக்காவையே பார்த்திராத எங்களுக்குக்கூட அந்த ரன்வே அத்துப்படி!

வேறு ஊர் வேண்டுமானால் தனியாக வாங்கணும். ஆர்ட்விக்கின் சப்லாஜிக் கம்பெனி 1980-களிலேயே 'சீனரி டிஸ்க்' விற்றது. பிறகு ஆர்வலர்கள் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். 2004 பதிப்பில் விஷயம் ரொம்ப எளிது. ஒரு ஃபோல்டர், அதற்குள் 'சீனரி', 'டெக்ஸ்சர்' என்று இரண்டு. முதலாவதில் ரன்வே, கட்டடங்களின் வடிவம் பி.ஜி.எல். ஃபைல்களாக இருக்கும். இரண்டாவதில் சுவர்களில் ஒட்டும் படங்கள். பகலுக்கு ஒன்று, ஜன்னலில் விளக்கெரியும் இரவுக்கு இன்னொன்று. தரைமட்ட உயரம் பொருந்தாவிட்டால் விமான நிலையமே மேடையில் ஏறி நிற்கும், அல்லது குழியில் கிடக்கும். சிரிக்காதீர்கள், அதைச் சரிசெய்யவே ராத்திரி முழுக்கப் போகும்.

ஹாங்காங்கின் காய் டாக் விமான நிலையம் 1998 ஜூலையில் மூடப்பட்டது. அங்கே 13-ஆம் ரன்வேயில் இறங்க, சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட குன்றை நோக்கி வந்து, கண்ணால் பார்த்து வலப்பக்கம் 47 டிகிரி திரும்ப வேண்டும். கீழே கவுலூன் மொட்டை மாடிகள். ஆகவே ரன்வேயை மட்டும் வரைந்தால் பிரயோஜனமில்லை. குன்றும் கட்டடங்களும் அந்தந்த இடத்தில் இருந்தால்தான் அந்தத் திருப்பத்துக்கே அர்த்தம். ஆர்வலர்கள் அதையும் செய்தார்கள். ஒரு பைலட் என்ன பார்த்தார் என்பதை எந்தப் புத்தகமும் இவ்வளவு துல்லியமாகக் காட்டாது என்பது என் கட்சி.

மெக்ஸ் ஃபீல்டின் கதி இன்னும் மோசம். 2003 மார்ச் 30 இரவு, மேயர் ரிச்சர்டு டேலியின் உத்தரவில் புல்டோசர்கள் வந்து ரன்வேயில் பெரிய பெருக்கல் குறிகளைத் தோண்டிவிட்டன. 16 விமானங்கள் மாட்டிக்கொண்டன. முன்னறிவிப்பு இல்லாததற்காக நகர நிர்வாகத்துக்கு 33,000 டாலர் அபராதம், அவ்வளவுதான்! 2006-ஆம் வருடப் பதிப்பிலிருந்தும் அது காணாமல் போனது. திரும்ப வைத்தவர்கள் ஆட்-ஆன் சீனரிக்காரர்கள்தான்.

ஆனால் ஃபைலுக்கும் புல்டோசர் உண்டு. இத்தகைய சீனரிகளைத் திரட்டி வைத்திருந்த ஆவ்சிம் தளத்தை 2009 மே மாதம் விஷமிகள் அழித்தார்கள். இரண்டு சர்வர்கள் ஒன்றுக்கொன்று பேக்கப்; இரண்டுமே அடிபட்டன. தளம் மீண்டும் எழுந்தது, உண்மை. இப்போது வேறு சிக்கல்: 2020-இல் வந்த புதிய சிமுலேட்டர் 2004-க்காகச் செய்த சீனரியை அப்படியே ஏற்காது.

என்னிடம் பழைய சீனரிகள் பதிந்த சி.டி.க்கள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. சிலதைக் கம்ப்யூட்டர் இப்போதே படிக்க மறுக்கிறது. தற்போது படிக்கும் தம்பி தங்கைகள் யாராவது பி.ஜி.எல். ஃபைலைப் பிரித்துப் புது வடிவத்துக்கு மாற்றும் வேலையை புராஜெக்டாக எடுத்துக்கொண்டால், டப்பாவோடு வந்துவிடுகிறேன். சனிக்கிழமை என்றால் எனக்கு வசதி.